ஹேமாவதி அக்காவின் வண்டி குடித்த தண்ணீர்

ஹேமாவதி அக்கா என்னிடம் முதன்முதலில் கேட்டது தண்ணீர். கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

தேனி அல்லிநகரத்தில் ஒரு டயாலிசிஸ் மையத்தில் எனக்கு டெக்னீஷியன் வேலை; அப்போது சேர்ந்த புதிது. மார்க்கையன்கோட்டையில் எங்கள் தெருவிலேயே முதல் பட்டதாரி நான். பி.எஸ்ஸி. டயாலிசிஸ் டெக்னாலஜி என்று முழுப் பெயரையும் சொன்னால்தான் என் அம்மாவுக்குத் திருப்தி, எனக்கும்தான். சிறுநீரகம் நின்றுபோனவர் குடிக்கிற தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் உடம்பிலேயே தங்கும், கால் வீங்கும், மூச்சு முட்டும் என்பது அந்தப் படிப்பின் அரிச்சுவடி. அதனால் புடவைக்கு மேல் ஆண்கள் சட்டை போட்ட ஒரு பெண் ஒரு வியாழக்கிழமை காலையில் இரண்டு பெரிய பாட்டில்களோடு வந்து, "தம்பி, இதுல தண்ணி பிடிச்சுக் குடு" என்று நீட்டியதும் எனக்குப் பகீரென்றது.

"நீங்க யாரு கூட வந்திருக்கீங்க?"

"ராக்கையா மாமா கூட. அந்தா மூணாவது கட்டில்."

"அவருக்குத் தண்ணி குடுக்கவே கூடாதுக்கா. போன தடவையவிட எடை கூடி வந்திருக்காரு. நீங்க பாட்டில் பாட்டிலாக் குடுத்தா நாங்க எடுக்கிறதுக்கு அர்த்தமே இல்ல..." என்று ஆரம்பித்து, கற்றதையெல்லாம் கொட்டிவிட்டேன். அவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கடைசி வரைக்கும் கேட்டார்.

"முடிச்சிட்டியா? அவருக்கு இல்ல. வண்டிக்கு."

மூன்றாவது கட்டிலில் ராக்கையா சிரித்த சிரிப்பில் ஊசி குத்தியிருந்த கை அசைந்து, மெஷின் கீச் கீச்சென்று கத்த ஆரம்பித்துவிட்டது. நான் ஓடிப்போய் அலாரத்தை நிறுத்தினேன். "குடுத்துவிடு தம்பி," என்றார் அவர். "என் பங்கையும் சேத்து இப்ப அதுதான் குடிக்குது."

மெஷின்களுக்காக எங்கள் மையத்தில் தண்ணீரைச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. பிளான்ட் உண்டு. அந்தத் தண்ணீரையே பிடித்துக்கொண்டு அக்காவுக்குப் பின்னால் வாசலுக்குப் போனேன். பழைய வெள்ளை வேன், மஞ்சள் போர்டு. சின்னக் காருக்குரிய எஞ்சினை முன்சீட்டுக்கு அடியில் ஒளித்து வைத்த ரகம். சீட்டைத் தூக்கினால் எஞ்சின் அனல் முகத்தில் அடிக்கும். அக்கா சூடு ஆறும்வரை பொறுத்து, துணியை மடித்து ரேடியேட்டர் மூடியைத் திறந்து ஊற்றினார். ஒன்றரை பாட்டில் உள்ளே போனது. நான் குனிந்து அடியில் பார்த்தேன். சிமெண்டுத் தரை காய்ந்து கிடந்தது.

"கீழ ஒரு சொட்டுகூட இல்லையேக்கா?"

"அதான் தம்பி எனக்கும் புரியல. சொட்டுனா பிடிச்சிரலாமே."

அப்படித்தான் பழக்கமானோம். அக்காவுக்கு ஊர் அனுமந்தன்பட்டி. திங்களும் வியாழனும் விடியும்போதே கிளம்பி, தன் ஊரில் ராக்கையாவையும் உத்தமபாளையத்தில் மொக்கம்மாள் என்கிற இன்னொரு நோயாளியையும் ஏற்றிக்கொண்டு தேனி வருவார். அவர்கள் மெஷினில் கிடக்கும் நேரத்தில் வேனின் பின்கதவைத் தூக்கிவிட்டு உட்கார்ந்து வயர்க் கூடை பின்னுவார். என் அம்மாவிடம் இருக்கிற பச்சைக் கூடை அவர் பின்னியதுதான். வேலை முடிந்து பஸ்ஸைத் தவறவிட்டால் சின்னமனூர் வரைக்கும் என்னையும் ஏற்றிக்கொள்வார். அந்தப் பயணங்களில்தான் அவருடைய கதை எனக்குத் தெரிந்தது.

வண்டி வாங்கியது அவருடைய அம்மா ஜக்கம்மாவுக்காக. டயாலிசிஸ் முடிந்து பிரஷர் இறங்கிக் கண் சொருகுகிற அம்மாவைக் கூட்டமான பஸ்ஸில் நிற்க வைத்துக் கூட்டிப்போன ஒரு நாளில், இனி பஸ் வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறார். கணவர் விஜய்பாண்டி கேரள எல்லை மலைமேல் கம்பம்மெட்டில் ஏலக்காய்த் தோட்டத்து ஜீப் ஓட்டுபவர். வாரம் ஒரு தடவைதான் கீழே இறங்குவார். ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன் என்று அவர் அறுவடை முடிந்த வயலில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பார்த்தார்.

"கிளச்சு கிளச்சுன்னு கத்துனாரு தம்பி. வரப்புல நின்னவுகளுக்கெல்லாம் கேட்டிருக்கும். இறங்குய்யா கீழன்னு சொல்லிட்டு, உத்தமபாளையத்துல டிரைவிங் ஸ்கூலுக்குப் போய்ப் படிச்சுக்கிட்டேன். லைசென்ஸ் வாங்கி, வாடகைக்கு ஓட்ட பேட்ஜும் வாங்கிட்டேன். இப்ப அவரு பக்கத்துல உக்காந்தா வாயத் தொறக்க மாட்டாரு."

இரண்டு வருஷம் அம்மாவை ஏற்றி இறக்கினார். ஜக்கம்மா போனபோது, பதினாறாம் நாள் முடியாமல் வண்டியைத் தொடாதே என்று பங்காளிகள் சொல்லியிருந்தார்கள். நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ ராக்கையா வீட்டு வாசலுக்கு வந்து நின்றாராம். துக்கம் கேட்க வந்தவர் மாதிரிதான் நின்றார். ஒன்றும் கேட்கவில்லை. அக்கா அவருடைய காலைப் பார்த்தார். செருப்பு வார் பதிந்து சதை இரண்டு பக்கமும் பிதுங்கியிருந்தது. எழுந்துபோய்ச் சாவியை எடுத்துவிட்டார்.

"பொட்டு வைக்கல, மால போடல. அத விட்டாச்சு. ஆனா வண்டிய எடுக்காம இருக்க முடியுமா?" என்று என்னிடம் கேட்டார்.

பொட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் வண்டி வைத்திருக்கிறவர்கள் வெள்ளிக்கிழமை கழுவி, முன்கண்ணாடியில் சந்தனம் குங்குமம் வைப்பார்கள். அக்கா அதோடு நிற்க மாட்டார். முன்சீட்டைத் தூக்கி, எஞ்சினைத் துணியால் துடைத்து, மஞ்சளைத் தண்ணீரில் குழைத்து அதற்கும் வைப்பார். எஞ்சினின் முன்பக்கம், பெல்ட் ஓடுகிற சக்கரத்துக்குப் பின்னால், உருண்டையாக ஒரு மேடு இருக்கும். பார்க்க நெற்றி மாதிரி இருக்கிறது என்று அதற்குத்தான் பெரிய பொட்டு. வெள்ளிக்கு வெள்ளி வைத்து வைத்து, பழைய பொட்டின்மேல் புதுப் பொட்டாக ஏறி, அங்கே மஞ்சள் அப்பளம் மாதிரி கெட்டியாகிவிட்டிருந்தது.

நான் தண்ணீர் பிடித்துக்கொடுத்த பிறகு வந்த இரண்டாவது திங்கட்கிழமை, காலை முறை ஆரம்பித்தும் மூன்றாவது கட்டில் காலியாகவே இருந்தது. மெஷினைத் தயார் செய்து வைத்துவிட்டு நான் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நடந்தது பிறகுதான் தெரிந்தது. வீரபாண்டி தாண்டியதும் வெப்ப முள் சிவப்புக்கு ஏறி, சீட்டுக்கு அடியிலிருந்து ஆவி கிளம்பி, வண்டி ரோட்டோரம் நின்றுவிட்டது. பதற்றத்தில் அக்கா மூடியில் கை வைக்கப் போக, "ஆத்தா, பொறு! மூஞ்சி வெந்துபோகும்" என்று ராக்கையாதான் கையைப் பிடித்திருக்கிறார். புளியமர நிழலில் உட்கார்ந்து சூடு ஆறக் காத்திருந்து, தண்ணீர் ஊற்றி, உருட்டிக்கொண்டு வந்து சேர்ந்தபோது அடுத்த முறைக்கு ஆட்கள் வந்து காத்திருந்தார்கள். ராக்கையாவுக்கு ஒரு மணி நேரம் குறைத்துத்தான் மெஷின் ஓட்ட முடிந்தது. அன்றைக்கு எடுக்க வேண்டிய நீர் முழுவதும் எடுபடவில்லை. செவ்வாய்க்கிழமை முழுக்க அவர் படுக்க முடியாமல் உட்கார்ந்தபடியே மூச்சு வாங்கினார்.

அவருக்கு ஒரே மகன், முத்துராஜா. திருப்பூரில் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். விஷயம் தெரிந்ததும் அக்காவுக்குப் போன் செய்தார்.

"அக்கா, நீங்க செய்யிறத நான் குறை சொல்லல. ஆனா இன்னொரு தடவ அந்த வண்டி ரோட்டுல நின்னுச்சுன்னா, அப்பாவ இங்கன கூட்டிட்டு வந்திருவேன். இங்கயும் டயாலிசிஸ் பண்றாக."

ராக்கையாவுக்குத் திருப்பூர் என்றாலே கசப்பு. மகன் வீடு மூன்றாவது மாடி. இந்தக் காலை வைத்துக்கொண்டு ஏறினால் இறங்க முடியாது. "அங்கன போனா ஜன்னல் வழியா அடுத்த வீட்டுச் செவுத்தப் பாத்துக்கிட்டுக் கிடக்கணும்," என்பார். என்னிடம் கையை நீட்டி, "இந்த நரம்பு உனக்குத் தெரியும். அங்கன எவன் எத்தன குத்து குத்திக் கண்டுபிடிப்பானோ" என்பார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார். ஆனால் அந்த வியாழக்கிழமை என்னிடம் சிரிக்காமல் கேட்டார்: "தம்பி, வண்டி சரியாயிருமா?"

எனக்குத் தெரிந்த மெஷின் வேறு.

உத்தமபாளையத்தில் சுரேஷ்கண்ணன் என்கிற மெக்கானிக்கிடம் அக்கா வண்டியை விட்டார். அவர் நல்ல வேலைக்காரர்தான். மூடியின் ரப்பர் கெட்டிருக்கலாம் என்று மூடியை மாற்றினார். ஹோஸ்களின் கிளாம்புகளை இறுக்கினார். ரேடியேட்டரைத் தடவித் தடவிப் பார்த்தார். அடியில் படுத்துப் பார்த்தார். எங்கும் ஈரமில்லை. ஆயில் கம்பியை உருவிப் பார்த்தார்; தண்ணீர் கலந்தால் ஆயில் மோர் மாதிரி வெளுத்திருக்கும். வெளுக்கவில்லை. சைலன்சரில் வெள்ளைப் புகையும் இல்லை.

"வெளிய போகலேன்னா உள்ளதான் போகணும்கா," என்றார் கையைத் துடைத்துக்கொண்டே. "எஞ்சின் தலைக்கு அடியில இருக்குற ஹெட் கேஸ்கட்டு போயிருக்கும்னு படுது. எஞ்சின் தலையக் கழட்டி லேத்துக்கு அனுப்பிப் பாக்கணும்."

"எத்தன நாளாகும்?"

"பத்து நாள்னு வச்சுக்கங்க."

"பத்து நாளைக்கு ராக்கையா மாமாவ நீ தோள்ல தூக்கிட்டுப் போறியா?"

"நானா உங்க வண்டியில ஓட்ட போட்டேன்? எங்கிட்டச் சாடுறீகளே!"

தலையைக் கழற்றச் சம்மதிக்காமல் அக்கா வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். மலைமேலிருந்து விஜய்பாண்டி போனில் வைத்தியம் சொன்னார்.

"மஞ்சத்தூள் ஒரு கைப்பிடி ரேடியேட்டர்ல போடு. மேட்டுல ஓடுற ஜீப் எல்லாத்துக்கும் அதான் மருந்து. ஓட்ட எங்கன இருந்தாலும் போய் அடைச்சுக்கும். கொழப்பமில்ல."

கேரளத்துப் பக்கம் இருந்து இருந்து, எது கேட்டாலும் அவருக்கு, மலையாளத்தில் ஒன்றும் பிரச்சினையில்லை என்கிற அந்தக் கொழப்பமில்லைதான். அக்கா போட்டார். ஒரு வாரம் தண்ணீர் இறங்கவில்லை. ராக்கையா முகத்தில் தெளிவு வந்தது. அடுத்த வாரம் மறுபடியும் குடிக்க ஆரம்பித்துவிட்டது, முன்னைவிட அதிகமாக. இரண்டு பாட்டில் எடுத்து வந்தவர் ஐந்து லிட்டர் கேனோடு வர ஆரம்பித்தார். சின்னமனூரில் ஒரு தடவை, வீரபாண்டியில் ஒரு தடவை என்று முள் ஏறுவதற்கு முன்பே நிறுத்தி நிறுத்தி ஊற்றி, எப்படியோ நேரத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தார்.

அப்படி ஒரு வியாழக்கிழமை மத்தியானம் நானும் அந்த வண்டியில் வந்தேன். முன்சீட்டில் ராக்கையா. பின்னால் மொக்கம்மாளும் நானும். வீரபாண்டியில் நிறுத்தி அக்கா கேனைத் தூக்கியதும் மொக்கம்மாள் ஆரம்பித்தார்.

"எனக்கு நாள் முழுக்க ஒரு சொம்பு. அதையும் மருமக அளந்து வைக்கிறா. இந்த வண்டிக்கு வந்த யோகத்தப் பாரு, குடம் குடமா! அடுத்த பொறப்புல வேனாப் பொறக்கணும்."

"வேனாப் பொறந்தா உன்னயவே ஏத்திட்டுப் போகணும், பரவால்லையா?" என்றார் ராக்கையா. பிறகு தலையைத் திருப்பாமலே, "ஏ ஆத்தா, ஒண்ணு கேக்குறேன்" என்றார்.

"கேளுங்க மாமா."

"நான் குடிச்சது வெளிய போகாம உள்ளயே நிக்குது. அதனால எனக்கு எடை கூடுது, கால் வீங்குது. இந்தத் தம்பி மெஷின் வச்சு எடுக்குறாரு. உன் வண்டிக்கு எடையும் கூடல, வயிறும் வீங்கல. அப்ப குடிச்சது வெளிய போயிருக்கணும்ல? எங்கன போகுது?"

"அதத்தான மாமா எல்லாரும் தேடுறோம்."

"நின்னப்பறம் தேடுறீக. நான் இதுமேலதான உக்காந்து வர்றேன். ஓடும்போது கீழ சுருசுருன்னு ஒரு சத்தம் வருது, தோசக்கல்லுல தண்ணி தெளிச்சா மாதிரி. நின்னா நின்னுபோகுது."

அக்கா கேனைக் கீழே வைத்துவிட்டு அவரையே பார்த்தார். "இத ஏன் மாமா முன்னாடியே சொல்லல?"

"சொன்னா இன்னொரு நோவுன்னு சொல்லி, மகன்கிட்டச் சேத்துச் சொல்லிருவீகளோன்னு இருந்துச்சு," என்றார் ராக்கையா.

அவர் பயந்தது அதற்குத்தான். வண்டியில் குறை கூடக் கூட, திருப்பூர் பக்கத்தில் வந்துகொண்டிருந்தது. அதனால் சீட்டுக்கு அடியில் கேட்ட சத்தத்தை வயிற்றுக்குள்ளேயே வைத்துக்கொண்டு வந்திருக்கிறார்.

அன்றிரவே அக்கா சீட்டைத் தூக்கிப் பார்த்துவிடுவார் என்று நினைத்தேன். ஆனால் ஊருக்குப் போனால் அங்கே பங்காளி வீட்டில் ஒரு சாவு. அடுத்த திங்களும் வியாழனும் துக்க வீட்டிலிருந்து அப்படியே எழுந்துவந்து, கேன் தண்ணீரின் புண்ணியத்தில் வண்டியை ஓட்டிவிட்டுத் திரும்பினார். பங்காளிக்குத் துக்கம் பொது. வாசலில் கோலம் கிடையாது, விளக்கு கிடையாது, வண்டிக்குப் பொட்டும் கிடையாது. ஒரு வெள்ளிக்கிழமை அப்படிப் போனது. அன்று எஞ்சினை ஈரத்துணியால் துடைத்ததோடு சரி. பழைய பொட்டின் மேல்புறம் உரிந்துகொண்டு வந்ததில், அந்த இடம் பளிச்சென்று இருந்ததாக அக்காவுக்கு நன்றாக நினைவிருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை, ராக்கையா சொன்ன சத்தம் உறுத்திக்கொண்டே இருக்க, சீட்டைத் தூக்கினார். நெற்றி மேட்டைச் சுற்றி மஞ்சள்.

இதை அக்கா என்னிடம் போனில் சொன்னபோது குரல் ஒரு மாதிரி இருந்தது. "தம்பி, ரெண்டு வெள்ளியா நான் மஞ்சளத் தொடவே இல்ல. துடைச்சுப்போட்டு வச்ச இடத்துல புதுசா மஞ்சள் இருக்கு. மேலேர்ந்து கோடு கோடாச் செதறி இருக்கு. யாரு வச்சா?"

வேறு யாரும் வைக்கவில்லை. வீட்டுக்காரர் சொன்னபடி அவர் ரேடியேட்டரில் போட்ட மஞ்சள்தான். உள்ளே போன மஞ்சள் தண்ணீரோடு வெளியே வந்து, சூட்டில் தண்ணீர் ஆவியாகிப் போக, நிறம் மட்டும் தங்கியிருந்தது. போன வாரங்களிலும் வந்திருக்கும். பூஜை மஞ்சள் அப்பியிருந்த எஞ்சினில் அதை யார் கவனிப்பார்கள்? சுரேஷ்கண்ணனும் பார்த்திருக்கிறார், அக்கா வைத்த பொட்டு என்று கையை அந்தப் பக்கம் கொண்டுபோகாமல் விட்டிருக்கிறார்.

அக்கா அதோடு நிற்கவில்லை. கோலம் போடாத வீட்டில் கோலமாவு டப்பா நிறைந்திருந்தது. எலி எந்தப் பக்கமாக வருகிறது என்று பார்க்க அடுப்படியில் மாவு தூவி வைப்போமே, அதே மாதிரி, எஞ்சினின் முன்பக்கத்தைச் சுத்தமாகத் துடைத்துக் காயவைத்து மாவைத் தூவினார். சீட்டை மூடி, உத்தமபாளையம் வரை வேகமாக ஓட்டிப்போய்த் திரும்பி, மறுபடி தூக்கினார். மற்ற இடமெல்லாம் வெள்ளையாக அப்படியே இருக்க, நெற்றி மேட்டிலிருந்து மட்டும் சக்கரம் சுற்றுகிற திசையில் விசிறி மாதிரி ஈரக் கோடுகள். போட்டோ எடுத்து சுரேஷ்கண்ணனுக்கு அனுப்பினார். உடனே போன் வந்தது.

"அக்கா, அது கல்லுமாவா, அரிசிமாவா?"

"அரிசிமாவுதான். ஏன்?"

"தப்பிச்சோம். கல்லுமாவா இருந்தா பெல்ட்டையே அறுத்திருக்கும். எஞ்சினுக்குக் கோலம் போட்ட முத ஆளு நீங்கதான். நாளைக்குக் காலையில கொண்டாந்துருங்க. அந்த மேடுதான், தண்ணியச் சுத்தவிடுற வாட்டர் பம்ப்பு."

முத்துராஜா அப்போது ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தார். வழியில் நிறுத்தி நிறுத்தித் தண்ணீர் ஊற்றுகிற கதை மொக்கம்மாளின் மருமகள் வழியாக அவர் காதுக்குப் போய்விட்டது. ஆக, சனிக்கிழமை ஒரு நாள்தான் கையில் இருந்தது. உத்தமபாளையத்தில் அந்த மாடலுக்குப் பம்ப் கிடைக்கவில்லை. தேனியில் நான் வாங்கிக்கொண்டு, எங்கள் பிளான்ட் தண்ணீர் ஒரு கேனையும் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

நான் போகும்போது சுரேஷ்கண்ணன் பெல்ட்டைக் கழற்றிவிட்டுப் பம்ப்பின் சக்கரத்தைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தார். ஆடாமல் சுற்ற வேண்டிய சக்கரம் விழப்போகிற பல் மாதிரி ஆடியது.

"இங்க பாருங்க," என்று டார்ச் அடித்துக் காட்டினார். பம்ப்பின் கழுத்துக்கு அடியில் சின்னதாக ஒரு ஓட்டை இருக்க வேண்டுமாம். உள்ளே தண்ணீரைத் தடுக்கிற சீல் தேய்ந்தால் தண்ணீர் அந்த ஓட்டை வழியாகச் சொட்டும். சொட்டுவதைப் பார்த்து, பம்ப் போய்விட்டது என்று நாம் தெரிந்துகொள்ளத்தான் அதை வைத்திருக்கிறார்கள். ஊக்கை வைத்து அவர் நோண்ட, கெட்டியாக ஒரு மஞ்சள் உருண்டை பெயர்ந்து விழுந்தது. அதன் பின்னாலேயே தண்ணீர் வழிந்தது.

"பொட்டு வச்சே ஓட்டைய அடைச்சுட்டீக. கீழ சொட்ட வழியில்லாம தண்ணி பேரிங்குக்குள்ள போயிருக்கு. ஓடும்போது மட்டும் சக்கரம் வீசிவிட்டிருக்கு. விழுந்த இடத்துலயே சூட்டுல சுர்ருனு காஞ்சுபோச்சு. அப்புறம் கீழ எங்க ஈரம் இருக்கும்?"

அக்கா அந்த மஞ்சள் உருண்டையைக் கையில் எடுத்துப் பார்த்தார். அவர் முகம் வாடிவிட்டது. "அம்மாவ ஏத்துன வண்டின்னு வச்சேன்டா. அதுவா மறைச்சுச்சு?"

சுரேஷ்கண்ணன் ஊக்கைக் கீழே வைத்தார். பிறகு, "நானும்தான அத பொட்டுன்னு விட்டேன்," என்றார். "ஹெட்டக் கழட்டச் சொன்னேன். நீங்க கழட்ட விட்டிருந்தா பத்து நாளும் போயி, திரும்பவும் தண்ணி குடிச்சிருக்கும். போங்க, டீ சொல்லுங்க, எல்லாருக்கும்."

ரேடியேட்டரைத் திறந்துவிட்டதும் வந்த தண்ணீரைப் பார்த்து, டீ கொண்டுவந்தவர், "ரசமா? மதியத்துக்கு ஆகும்போலயே" என்றார். குழாயை வைத்து அலசி அலசி, தண்ணீர் தெளிவாக வரும்வரை விட்டார்கள். பழைய பம்ப் உட்கார்ந்திருந்த இடத்தைச் சுரண்டி, கேஸ்கட் பசை பூசி, புதுப் பம்ப்பை வைத்துக் குறுக்கும் நெடுக்குமாக போல்ட்டை இறுக்கினார். ஹோஸ்களில் ஒன்றை விரலால் அழுத்தினால் வெடிப்பு தெரிந்தது, அதையும் மாற்றினார். வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டியதே சீல் தேய்ந்ததற்குப் பாதிக் காரணம் என்று ஒரு திட்டுத் திட்டி, எஞ்சினைக் குளிர்விக்கும் பச்சைக் கூலண்டை நான் கொண்டுபோன தண்ணீரில் கலந்து ஊற்றினார்.

எஞ்சினைப் போட்டார். எல்லோரும் முள்ளைப் பார்த்தோம். நடுவுக்கு வந்தது. நடுவைத் தாண்டியது. மேலே ஏறிக்கொண்டே இருந்தது.

அக்கா கையிலிருந்த டீ கிளாஸை அப்படியே வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். வெயிலில், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"ஏன்கா அங்கன போறீக? காத்துப் பிடிச்சிருக்கு, அவ்வளவுதான்," என்று சுரேஷ்கண்ணன் எஞ்சினை நிறுத்தினார். புதிதாக நீர் நிரப்பினால் உள்ளே காற்று சிக்கிக்கொள்ளும், நீர் ஓடாது. ஆறவிட்டு, வண்டியின் முன்பக்கத்தை மேட்டில் ஏற்றி நிறுத்தி, மூடியைத் திறந்து வைத்து மறுபடி ஓட்டி, ஹோஸைப் பிசைந்துவிட்டார். குபுக் குபுக்கென்று குமிழி வந்தது. நீர் மட்டம் இறங்கியது, ஊற்றினார். மறுபடி குமிழி, மறுபடி ஊற்றல். எங்கள் மையத்திலும் நோயாளிக்கு இணைக்கும் முன் குழாயில் ஒரு குமிழிகூட இல்லாமல் தட்டித் தட்டி வெளியேற்றுவோம். அதனால் எனக்கு இந்த இடத்தில் மட்டும் பயமில்லை. கடைசிக் குமிழி வந்து, மூடியைப் போட்ட பிறகு முள் நடுவில் வந்து நின்றது. அரைமணி நேரம் ஓடவிட்டும் நகரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை முத்துராஜா வந்தார். கையில் பெரிய காலிப் பை. அப்பாவின் துணிமணியை அடைத்துக்கொண்டு போக. வண்டி சரியாகிவிட்டது என்று அக்கா சொன்னதை அவர் நம்பவில்லை. நம்பாததில் தப்பும் இல்லை; அந்தச் செவ்வாய்க்கிழமை அப்பா உட்கார்ந்தபடி மூச்சு வாங்கியதைப் போனில் கேட்டவர் அவர்.

"நாளைக்கு நானும் வர்றேன்கா. முள்ளு ஏறுச்சுன்னா, ஆஸ்பத்திரி முடிச்சு அப்படியே தேனியிலருந்து பஸ் ஏறிருவோம். பையும் கூடவே வரட்டும்."

திங்கட்கிழமை ராக்கையா பின்சீட்டுக்குப் போனார், முத்துராஜா முன்னால் உட்கார்ந்தார். மொக்கம்மாள் பிறகு என்னிடம் சொன்னதுதான் இது. உத்தமபாளையம், சின்னமனூர், யாரும் பேசவில்லையாம். மொக்கம்மாளே பேசவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். வீரபாண்டி வந்ததும் அக்காவின் கால் தானாக பிரேக்குக்குப் போனதாம், தண்ணீர் ஊற்றுகிற பழக்கத்தில். முத்துராஜா நிமிர்ந்து உட்கார்ந்தார். முள் நடுவில் அசையாமல் நின்றது. அக்கா காலை எடுத்துவிட்டு வேகத்தைக் கூட்டினார்.

எங்கள் வாசலில் வந்து நின்றபோது முறை ஆரம்பிக்க இன்னும் நேரம் இருந்தது. முத்துராஜா இறங்கி, முன்சீட்டைத் தூக்கச் சொல்லி, குனிந்து பார்த்தார். பொட்டில்லாத எஞ்சின். காய்ந்த, சுத்தமான பம்ப். தரையில் உட்கார்ந்தும் பார்த்தார்.

ராக்கையா என் தோளைப் பிடித்து இறங்கிக்கொண்டே சொன்னார். "ஏலே, வழி நெடுக முள்ளையே பாத்துக்கிட்டு வந்தியே. உன் அப்பன் மூஞ்சிய ஒரு தடவ திரும்பிப் பாத்தியாடா?"

முத்துராஜா எழுந்து கையைத் தட்டிக்கொண்டார். திரும்பிப் பார்த்தார். பிறகு என்னை விலக்கிவிட்டு, அப்பாவின் கையைத் தானே பிடித்து உள்ளே கூட்டிவந்தார். மெஷின் ஓடிய நேரம் முழுக்கக் கட்டில் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். நான் எந்த நரம்பில் குத்துகிறேன், எவ்வளவு எடுக்கிறேன் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். மத்தியானம் தேனி பஸ் ஸ்டாண்டில் அவரை அக்காதான் இறக்கிவிட்டார். காலிப் பையை நான்காக மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

விஜய்பாண்டிக்கு இந்தக் கதையில் பங்கு வேண்டுமாம். "என் மஞ்சத்தூள் இல்லேன்னா ஓட்டையே தெரிஞ்சிருக்காது" என்று இப்போதும் சொல்லிக்கொண்டிருக்கிறார். உண்மையும் அதுதான் என்பதால் அக்காவால் அவரைத் திட்டவும் முடியவில்லை. ரேடியேட்டரில் மட்டும் கூலண்டைத் தவிர எதையும் ஊற்ற விடுவதில்லை.

ஹேமாவதி அக்கா அனுமந்தன்பட்டியில் இருக்கிறார். திங்களும் வியாழனும் அதே வேனை ஓட்டிக்கொண்டு அல்லிநகரம் வருகிறார். வெள்ளிக்கிழமை பொட்டு இப்போது ஸ்டியரிங் நடுவில். ராக்கையா முன்சீட்டில் வருகிறார்.